ஆலிவ் எண்ணெய்: மொத்தமாக வாங்கி அடைப்பதா, தோப்புக்காரரோடு சேர்வதா?

சொந்தப் பெயரில் கொஞ்சமாக ஆலிவ் எண்ணெய் விற்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. மொத்த வியாபாரியிடம் எண்ணெயாகவே வாங்கிப் புட்டியில் அடைக்கலாம். பக்கத்துத் தோப்புகளில் காயை வாங்கி, ஆலைக்குக் கூலி கொடுத்து ஆட்டலாம். இல்லையென்றால், எண்ணெய் விவசாயியின் பெயரிலேயே இருக்கட்டும், விற்றபின் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று பேசி முடிக்கலாம்.

முதல் வழியைப் பலரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள், அது நியாயமில்லை. ருசி பார்த்து, பரிசோதனை முடிவைப் பார்த்து, பிடித்தால் மட்டும் வாங்கலாம். காயில் பணம் முடங்காது, மழை பெய்தால் நமக்குத் தூக்கம் போகாது. ஆனால் அந்தப் பரிசோதனைத் தாள் அன்றைய நிலையைத்தான் சொல்லும். முதல் தரம் என்று பொருள்படும் எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று போட அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள், பெராக்சைடு அளவு (எண்ணெய் காற்றுப் பட்டு எவ்வளவு கெடத் தொடங்கியிருக்கிறது என்று காட்டும் எண்) 20க்குள் இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற ருசிக்குழு குறையே இல்லை என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு எல்லைக்கு ஒட்டி நிற்கும் எண்ணெய் அலமாரியில் சில மாதம் இருந்தால் எல்லையைத் தாண்டிவிடும், அப்போது லேபிளில் இருப்பது உங்கள் பெயர். விலையும் உங்கள் கையில் இல்லை. ஸ்பெயினில் 2021-22 பருவத்தில் ஏறக்குறைய 15 லட்சம் டன் கிடைத்தது, வறட்சியால் அடுத்த பருவத்தில் அது 7 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. மொத்த விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போனபோது, வருடாந்தர ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது வாங்கி அடைத்தவர்களுக்குத்தான் முதல் அடி.

இரண்டாவது வழியில்தான் வேலையும் அதிகம், வாய்ப்பும் அதிகம். பறித்த காயை 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிடுவது நல்லது. சாக்கில் கட்டி மூலையில் குவித்தால் உள்ளே சூடேறி நொதிக்கும், அந்தப் புளித்த வாடை எண்ணெய்க்குள் போய்விட்டால் எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது. காற்றோட்டமுள்ள பெட்டியில் எடுத்துவரச் சொல்வதும், பறிக்கும் நாளை ஆலையின் நேரத்தோடு பொருத்துவதும் தோப்புக்காரரோடு நேரடியாகப் பேசினால்தான் நடக்கும். மொத்த எண்ணெய் வாங்குபவருக்கு இந்தப் பேச்சே கிடையாது. எந்த ரகம் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: பிக்குவல் எண்ணெய் நாள்பட நிற்கும், மென்மையான அர்பெகினா சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். விற்க எட்டு மாதம் ஆகும் என்றால் இந்த ஒரு விஷயமே பெரிய விஷயம்.

ஆனால் எல்லோரும் கோட்டைவிடும் இடம், பணம் கொடுக்கும் கணக்கு. காய் எடைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், காய் இன்னும் சாறோடு இருக்கும்போதே பறித்துவிட விவசாயிக்குத் தோன்றும். எண்ணெய் சதவீதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அவர் காத்திருப்பார், ஏனென்றால் பழுக்கப் பழுக்கத்தான் எண்ணெய் கூடும். நன்கு பழுத்த காயில் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஐந்து ஆறு கிலோ காய் போதும், பச்சையாகப் பறித்தால் பத்துக் கிலோ வரைகூடத் தேவைப்படும். அந்தப் பச்சைக் காய் எண்ணெயில்தான் எண்ணெயைக் கெடாமல் காக்கும் இயற்கைப் பொருளான பாலிஃபீனால் அதிகம், காரமும் கசப்பும் அதிகம், சிறு லேபிள் தேடிவருபவர் கேட்பதும் அதைத்தான். ஆக, ‘சீக்கிரம் பறிங்க’ என்று கெஞ்சிக்கொண்டே எண்ணெய் அளவுக்குப் பணம் கொடுப்பவர் தன் கையாலேயே தன் ஒப்பந்தத்தைக் கெடுக்கிறார். சீக்கிரம் பறித்ததால் குறையும் எண்ணெய்க்கு ஈடாகக் காயின் விலையிலேயே கூட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வழியின் தொல்லைகளும் சின்னதல்ல. ஆலிவ் மரம் ஒரு வருடம் கொட்டித்தரும், அடுத்த வருடம் கையை விரிக்கும். பழ ஈ விழுந்தால் அந்தத் தோப்பின் காய் மொத்தமும் வீணாகலாம். அறுவடை உச்சத்தில் ஆலையில் வரிசை நிற்கும், சிறிய அளவு காயைத் தனியாக ஆட்டித் தரச் சில ஆலைகள் ஒப்பாது. ஒரே தோப்பை நம்பாமல், நீர்ப்பாசனமும் ரகமும் வேறுபட்ட இரண்டு மூன்று பேரோடு பேசி வைப்பது பாதுகாப்பு.

மூன்றாவது, பங்கு முறை. கையில் காசு குறைவாக உள்ள புட்டிக்காரருக்கு இனிக்கும், விவசாயிக்குத்தான் கசக்கும். பறிப்புக் கூலியை அவர் அப்போதே கொடுக்கிறார், வருமானமோ மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வருகிறது. முன்பணம் கொடுக்க முடியாதவர் இதைக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. முன்பணம் கொடுத்து, ஒவ்வொருவர் எண்ணெயையும் தனித் தொட்டியில் வைத்து, கணக்கைத் திறந்து காட்டினால் இரண்டு மூன்று பருவம் பழகிய ஆட்களிடையே நன்றாகவே நடக்கும். முதல் வருடமே வேண்டாம்.

எஃகுத் தொட்டி, காற்றுப் படாமலிருக்க எண்ணெய்க்கு மேலே நைட்ரஜன் வாயு, வெளிச்சம் புகாத புட்டி இதெல்லாம் மூன்று வழிக்கும் ஒன்றுதான், அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

நான் என்றால் முதல் இரண்டையும் கலப்பேன்: பெயர் சொல்லும் புட்டிக்குக் காயாக வாங்கியது, சாதாரணப் புட்டிக்கு மொத்த எண்ணெய், இரண்டுக்கும் தனி லேபிள். காய்ப்பு குறைந்த வருடத்தில் முதல் புட்டி சீக்கிரம் தீர்ந்துபோகட்டும், அதில் மொத்த எண்ணெயைக் கலந்து நிரப்ப வேண்டாம். ஒப்பந்தத் தாளில் பறிக்கும் வாரம், பெட்டி, ஆலைக்கு வந்துசேரும் நேரம், அமிலத்தன்மை குறைந்தால் கூடுதல் தொகை எல்லாம் எழுதிவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, பறித்தபின் ஆலை பழுதாகி நின்றால் அந்தக் காயின் நட்டம் யாருடையது என்பதையும்.