பாதி விலைக்கு டாக்டர் பிளேடு வந்தால் வாங்காதீர்கள்: சேலம் பிரஸ்காரர்கள் கவனத்துக்கு

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கிரேவர் மெஷினில், அதாவது மை நிற்கும் குழிகள் செதுக்கிய சிலிண்டரால் அச்சடிக்கும் மெஷினில், பை பிரிண்ட் அடிப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிலிண்டர் மேலிருக்கும் கூடுதல் மையை வழித்தெடுக்கும் மெல்லிய இரும்புத் தகடுதான் டாக்டர் பிளேடு. போன மாதம் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கொண்டலாம்பட்டி பக்கம் எங்களுடையது சின்ன யூனிட். ஆத்தூர் ஜவ்வரிசி பார்ட்டி ஒருவருக்கு அரைக் கிலோ பை, நாலு கலர். சரக்கு தெரிவதற்காகப் பையின் நடுவில் கொஞ்சம் இடம் பிரிண்ட் இல்லாமல் விட்டிருக்கும். ஜவ்வரிசியோ வெள்ளை. அந்த இடத்தில் மயிரிழை அளவு மை இழுத்தாலும் கண்ணில் குத்தும்.

வழக்கமான பிளேடு தீர்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு சப்ளையர் வந்தார். வெளிநாட்டுச் சரக்காம், 100 மீட்டர் சுருள், பாதி விலை. பெட்டியும் ஸ்டிக்கரும் அசல் போலவே இருந்தன. பில்லை அப்புறம் அனுப்புகிறேன் என்றார். ஆர்டர் அவசரத்தில் நானும் சரி என்றுவிட்டேன்.

முதல் நாளே நீலத்தில் கோடு விழுந்தது. கோடு விழுந்தால் முதலில் மையில் கிடக்கும் தூசு, துகளைத்தான் சந்தேகப்படுவோம். மையை வடிகட்டினோம், ட்ரேயில் காந்தம் போட்டோம், பிளேடை மாற்றினோம். கோடு இடம் மாறியதே தவிர நிற்கவில்லை.

போன் செய்ததும் சப்ளையர் ஒரு சர்வீஸ் ஆளை அனுப்பினார். "பிளேடு நல்ல பிளேடுங்கண்ணா, உங்க செட்டிங்தான் தப்பு. பிரஷரை ஏத்துங்க" என்று அவரே ஏற்றிவிட்டுப் போனார். அரை மணி நேரம் சுத்தமாக ஓடியது. பிறகு பை முழுக்க நீலப் புகை படிந்த மாதிரி மங்கல் வந்தது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். பிளேடு சிலிண்டரைத் தொடும் கோணம் ஏறக்குறைய 55 முதல் 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரஷர் கூடக் கூட மெல்லிய தகடு வளையும், கோணம் குறையும். நுனியால் வழிக்க வேண்டிய பிளேடு வயிற்றால் தேய்க்க ஆரம்பிக்கும். மை அடியில் நழுவிப் போகும், அதுதான் அந்த மங்கல். மெயின் பிளேடுக்கு முட்டுக் கொடுக்கும் பேக்கப் பிளேடுக்கு வெளியே அது அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். மையைச் சுத்தமாக வழித்தெடுக்கும் அளவுக்குக் குறைந்த பிரஷர் போதும். அதற்கு மேல் வைப்பதெல்லாம் சிலிண்டருக்குத்தான் கேடு.

ரெண்டாம் நாள் மெஷினை நிறுத்திச் சிலிண்டரைத் துடைத்தபோது, வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே செம்பு நிறம் ஒரு வளையமாகத் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கிப் போனது. செம்பின் மேல் இருக்கும் குரோம் பூச்சு ஏழெட்டு மைக்ரான்தான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. செம்பு தெரிவதற்கு முன்னால் பார்த்திருந்தால் மறுபடி குரோம் ஏற்றியே தப்பித்திருக்கலாம். என் சிலிண்டரில் மை நிற்கும் குழிகளே தேய்ந்துவிட்டன. புதிதாகச் செம்பு ஏற்றி, மறுபடி எங்கிரேவ் செய்து, அதாவது குழிகளைச் செதுக்கி, வர வேண்டியதாயிற்று. பிளேடில் மிச்சம் பிடித்த காசு அதில் எந்த மூலைக்கு?

அதற்குப் பிறகுதான் சுருளை உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியில் 0.15 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. மைக்ரோமீட்டரில் ஒரு இடத்தில் 0.14, ரெண்டு முழம் தள்ளி 0.17. லென்ஸில் நுனி பிசிறு பிசிறாக இருந்தது. உள்சுற்றில் துருப்புள்ளிகள் வேறு. தட்டையான மேஜையில் ஒரு துண்டை விரித்தால் விளிம்பு அலை அலையாக நின்றது. இதையெல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், வாங்கும் அன்றே நான் பார்த்திருக்க வேண்டும்.

சப்ளையரைக் கேட்டால், பிரஷர் ஏற்றி ஓட்டியது உங்கள் ஆள்தானே என்கிறார். பில் இல்லை, அதனால் சண்டை போடவும் பிடி இல்லை. சர்வீஸ் ஆள் போனை எடுப்பதே இல்லை. பார்ட்டிக்கு எட்டு நாள் தாமதம். நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார்.

தயவுசெய்து பில்லில் தடிமன், அகலம், பேட்ச் எண் எழுதி வாங்குங்கள். புதுச் சுருள் வந்தால் முதலில் பழைய, கழித்துப்போடும் சிலிண்டரில் ஓட்டிப் பாருங்கள். வெளி ஆள் யாராவது பிரஷர் குமிழில் கை வைத்தால், முன்னால் இருந்த அளவைக் குறித்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள்.

மீதிச் சுருளையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களிடம் இதே மாதிரிப் பெட்டி வந்திருந்தால் மெஷினில் ஏற்றாமல் எடுத்து வாருங்கள், ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.