காலை ரயிலுக்கு டிக்கெட்: கவுன்டரா, இயந்திரமா?

கவுன்டர் வரிசையின் நீளத்தை வைத்து எதையும் கணிக்க முடியாது. முன்னால் இருபது பேர் இருந்தாலும், எல்லோரும் ஊர் பெயரைச் சொல்லிச் சரியான சில்லறையை நீட்டினால் மளமளவென்று நகரும். ஒருவர் சீசன் டிக்கெட் புதுப்பிக்க வந்துவிட்டால் போச்சு. ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி வரிசை என்றால் இன்னும் மோசம். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள், பக்கத்து வரிசையோ ஜோராக நகரும். பொதுவாக ஒரே வரிசை வைத்து, காலியாகும் கவுன்டருக்கு ஆளை அனுப்பினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஏன்தான் செய்ய மாட்டேன் என்கிறார்களோ!

இயந்திரத்தின் முன் வரிசை சிறியது, எரிச்சல் பெரியது. கசங்கிய நோட்டை உள்ளே இழுக்கும், சென்சாருக்குப் பிடிக்காவிட்டால் அப்படியே வெளியே தள்ளும். நீவிவிட்டுத் திருப்பிப் போட்டால் மறுபடியும் தள்ளும். அதற்குள் நேரம் முடிந்து திரை முதல் பக்கத்துக்குப் போய்விடும். எந்த நிலையம், போக மட்டுமா, திரும்பி வரவுமா, எத்தனை பேர் என்று எல்லாம் முதலிலிருந்து. பின்னால் நிற்பவர் விடும் பெருமூச்சு வேறு.

சரி, எது மேல்? கையில் கார்டு, தினமும் ஒரே பயணம் என்றால் இயந்திரம்தான். நோட்டு மட்டுமே இருக்கிறது, போகிற வழியும் புதிது என்றால் கவுன்டர். அங்கே சந்தேகம் கேட்கவாவது ஓர் ஆள் இருக்கிறார். தினமும் போகிறவர் கூட்டமில்லாத நேரத்தில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால், அப்புறம் காலையில் இரண்டு பக்கமும் போக வேண்டாம்.