இறையியல் படிக்க எவ்வளவு ஆகும்? பீஸ் சீட்டில் இல்லாத கணக்கு

தம்பி மகன் பி.காம் முடித்து ஒரு கம்பெனியில் மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "பெரியப்பா, பி.டி. சேரலாம்னு இருக்கேன்" என்று ஒரு தாளை நீட்டினான். பி.டி. என்றால் கிறிஸ்தவ இறையியலில் இளநிலைப் பட்டம். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், நூலகம், செனட் (பல்கலைக்கழக) பதிவு, தேர்வுக் கட்டணம் என்று எழுதி, அடியில் கூட்டியும் போட்டிருந்தான். கூட்டல் சரிதான். விட்டுப்போன வரிதான் பெரிது: பட்டதாரிக்கு அது 4 ஆண்டுப் படிப்பு. 48 மாதச் சம்பளம் 8,64,000 ரூபாய்.

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்கள் தரும் பி.டி., மேற்கு வங்கத்தில் இருக்கும் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பட்டம். அந்த ஊர் டென்மார்க் கையில் இருந்தபோது, 1827-ல் அந்நாட்டு அரசர் கொடுத்த சாசனத்தில் வந்த உரிமை அது. தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) குருவானவர் ஆக நினைப்பவர் பொதுவாக இந்த வழியில்தான் போக வேண்டும். இங்கே ஒரே படிப்புக்கு இரண்டு விலை உண்டு. திருமண்டலம், அதாவது சி.எஸ்.ஐ.யின் வட்டார நிர்வாகம், அனுப்பி வைத்தால் செலவில் பெரும்பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும், முடித்ததும் ஊழியமும் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் முழுச் செலவும் நம் தலையில். பட்டம் கையில் இருக்கும், ஊழியம் செய்யச் சபை இருக்காது.

அதே செராம்பூர் அஞ்சல் வழியில் பி.சி.எஸ். (பேச்சிலர் ஆஃப் கிறிஸ்டியன் ஸ்டடீஸ்) என்றொரு பட்டமும் தருகிறது. வேலையை விட வேண்டாம், விடுதியும் மெஸ்ஸும் இல்லை. ஆனால் அது குருவானவர் அல்லாத சபையாருக்கானது. அதை வைத்துக்கொண்டு குருத்துவ அபிஷேகம் கேட்க முடியாது. வேதத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கத்தோலிக்கக் குருமடத்தில் தத்துவம் 2, இறையியல் 4 என்று குறைந்தது 6 ஆண்டுகள். செலவை மறைமாவட்டமோ துறவற சபையோ ஏற்கும். ஆனால் துறவறத்துக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது? அதை விட்டுவிடுகிறேன்.

பக்கத்துத் தெரு பாய் வீட்டுப் பையன் அரபிக் கல்லூரியில் ஓதுகிறான். ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டத்துக்குப் பெரும்பாலும் 7 ஆண்டுகள், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நன்கொடையில். வேலூர் பாகியாத் அரபிக் கல்லூரியில் முடித்தவர் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று போட்டுக்கொள்வார், அதற்கு ஊரில் தனி மரியாதை. பீஸ் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இமாம் சம்பளம் என்னவென்று அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சைவ சித்தாந்தம் வேறு ரகம். 2 ஆண்டு, பல்கலைக்கழகப் பட்டம், எந்த மடத்துக்கும் கடமைப்பட வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி அடுப்பெரியாது. வேலையில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும்.

தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன்: திருமண்டலக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா எழுதாதே, அதுவரை பி.சி.எஸ். போடு. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "கடிதம் வரலைன்னா?" என்றான். போதகரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம்.