பத்மினியைக் கொடுத்து வாங்கிய கதை: தகட்டு வேலைக்கு நூறு மார்க், வயரிங்குக்கு முட்டை

அப்பா 1986இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, எட்டு வருஷமாக ஷெட்டில் கோழி அடையத்தான் பயன்பட்டது. அதைக் கார் ஷோவில் நிறுத்துகிற மாதிரி செய்து தரச் சொல்லி கோவையில் ஒரு பட்டறையில் விட்டேன். நாலு மாசம் என்றார்கள், பதினோரு மாசம் ஆனது. பட்டறையின் பேரைப் போடவில்லை, ஏனென்று படித்தால் புரியும்.

டிங்கர் மேஸ்திரி வண்டியைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டில் வைத்தார். ஒட்டவில்லை, பொத்தென்று விழுந்தது. "ஏனுங்க, இது தகடே இல்லீங்க, பூராம் பட்டி" என்றார். முன்பு யாரோ துருவின் மேலேயே பட்டியை, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசையை, அப்பிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இவர் அதை மொத்தமாக வெட்டியெடுத்து, புதுத் தகடு வளைத்து வெல்டு வைத்து, அப்புறம்தான் பிரைமர் டப்பாவையே திறந்தார். மூன்று மாசம் இதிலேயே போனது, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

நிறம் கரும்பச்சை, கூரை மட்டும் கிரீம். 2000ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்ட பிறகு, ட்யூப்லைட் கதவில் வளையாமல் ஒரே கோடாகத் தெரிந்தது. சீட்டும் குரோமும் பரவாயில்லை.

ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் கியரைத் தரைக்கு மாற்றலாம், வேறு இன்ஜினும் போடலாம் என்று ஆசை காட்டினார்கள். அந்தக் கியரை மாற்றிவிட்டு அப்புறம் அது என்ன பத்மினி? இன்ஜினும் அதே 1089 சிசிதான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாதென்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிறம் மாற்றியதை ஆர்சியில் ஏற்றவே நான்தான் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைந்தேன், பட்டறையில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

வயரிங்தான் மகா மோசம். பழைய வயரிலேயே புது எல்இடி, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் கோத்துவிட்டிருக்கிறார்கள், அதிகக் கரண்டைத் தனியாகக் கையாளும் ரிலே கிடையாது, ஒரு ஃப்யூஸ்கூட இல்லை. ஷோவுக்குப் போகிற வழியில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. நல்லவேளை, ரோட்டோரம் இருந்த லாரி எலக்ட்ரீஷியன் ஒரே பகலில் சரிபண்ணிக் கொடுத்தார். போன் போட்டால் பட்டறையில் "நாளைக்கு வாங்க" என்ற ஒரே பதில்தான்.

இப்படி வேலை கொடுப்பவர்கள் வண்டியை எடுக்கப் போகும்போது காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். நானும் கொண்டுபோனேன். டிக்கியின் இடது மூலையில் மட்டும் விழுந்தது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே, "அங்க மட்டும் கொஞ்சூண்டு பட்டிங்க" என்றார்.