துப்பாக்கித் தாங்கு பைக்கு இலகுவான நிரப்பு எது? தெர்மாகோல், இ.பி.பி., பிளாஸ்டிக் குருணை, உமி: ஓர் அலசல்

துப்பாக்கி அசையாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் பைதான் தாங்கு பை. நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள தாங்கு பையில் முக்கால் பங்குக்கு உலர்ந்த மணலை நிரப்பினால், மணல் மட்டுமே ஐந்து கிலோவை நெருங்கிவிடும். அதே மூன்று லிட்டருக்குப் பாலிஎத்திலீன் குருணை போட்டால் 1.7 கிலோ. தெர்மாகோல் மணியோ இ.பி.பி. (பாலிப்ரொப்பிலீன் நுரை) மணியோ என்றால், வழக்கமாகக் கிடைக்கும் ரகங்களில் 200 கிராமைத் தாண்டாது. போட்டியில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஓடுபவருக்கும் மலையேறிப் போகும் வேட்டைக்காரருக்கும் இது பெரிய விடுதலைதான். ஆனால் எடையை மட்டும் பார்த்து நிரப்பைத் தேர்ந்தெடுத்தால் குறி நிற்காது. பார்க்க வேண்டியது, பையில் இருக்கும் ஒவ்வொரு மணியும் சுமையின் கீழ் நசுங்குகிறதா, நசுங்காமல் நகர்கிறதா என்பதை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். முன்னால் பைபாட் (இருகால் தாங்கி), பின்னால் கட்டைக்கு (தோளில் பதியும் பின்பகுதிக்கு) அடியில் பை. இரண்டுக்கும் இடைவெளி 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்பையின் உயரம் 1 மி.மீ. மாறினால் 100 மீட்டரில் குறி 14 செ.மீ. நகர்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே 1.4 செ.மீ. போய்விடும். விசையை இழுக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் பை இவ்வளவுகூட அசையக் கூடாது.

மணல் ஏன் நன்றாக நிற்கிறது? அதன் துகள் நசுங்குவதில்லை. கட்டையை வைத்ததும் துகள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விலகும், பிறகு பூட்டிக்கொள்ளும். கையால் பிழிந்தால் உயரம் மாறும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். நுரை மணி (தெர்மாகோல், இ.பி.பி.) அப்படியல்ல. அது விலகவும் செய்யும், நசுங்கவும் செய்யும். நசுங்கிய பங்கு திரும்ப மேலே தள்ளும். உங்கள் நாடித்துடிப்பு ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறுக்குக்கம்பியில் தெரிவதற்கு இந்தத் தள்ளல் ஒரு காரணம். நேரம் போகப் போக நுரை மெதுவாக உட்கார்ந்துகொண்டும் இருக்கும். அதனால் குறி தானாக நகரும். பின்பையில் துப்பாக்கியின் மூக்கு ஏறும், முன்பையில் இறங்கும்.

எனவே முதல் கேள்வி, பை எங்கே உட்காரப் போகிறது என்பது. கட்டைக்கு அடியில் பின்பையாக இருந்தால் உயரம்தான் எல்லாம். கடினமான மணி வேண்டும். பாரிகேட் (போட்டியில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் தடுப்பு), வேலிக்கம்பம், பாறை விளிம்பு போன்றவற்றின் மேல் முன்பையாக இருந்தால், இரண்டு பக்கமும் வழிந்து பிடிப்பதும் மேலே துப்பாக்கியின் அடிப்பாகத்துக்குக் குழி கொடுப்பதும்தான் வேலை. கொஞ்சம் நெகிழ்ந்தால் பரவாயில்லை. அக்குளுக்கு அடியிலோ முழங்காலுக்கும் முழங்கைக்கும் நடுவிலோ இடைவெளி அடைக்க என்றால் எடை குறைவதே பெரிய லாபம். அங்கே நுரையைவிட நல்லது எதுவும் இல்லை.

தெர்மாகோல் மணி

பீன் பேக்கில் போடும் அதே பாலிஸ்டைரீன் நுரை. எளிதாகக் கிடைக்கும், எடையே தெரியாது, தண்ணீர் குடிக்காது. 3 முதல் 5 மி.மீ. மணி பெரிய பைக்கு. கழுத்துத் தலையணையில் வரும் 1 மி.மீ.க்கும் குறைவான நுண்மணி சின்னப் பைக்கு. நுண்மணி நீர் போல ஓடி இடத்தை அடைக்கும். கையில் பிழிய இதமாக இருக்கும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், பாலிஸ்டைரீன் நுரை ஒருமுறை ஆழமாக நசுங்கினால் முழுதாக மீளாது. துப்பாக்கி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கன அளவு குறையும். சில மாதத்தில் பை தளர்ந்து, கட்டை நடுவில் துணியின் மேலேயே உட்காரத் தொடங்கும். இரண்டாவது, கரைப்பான். அசிட்டோன், பெட்ரோல், குழல் சுத்தம் செய்யும் பல திரவங்கள் பட்டால் மணி உருகிக் கூழாகிவிடும். துப்பாக்கி துடைக்கும் மேசையில் இந்தப் பையை வைக்கவே கூடாது. மூன்றாவது, சூடு. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். தொடர்ந்து பத்து பதினைந்து சுட்ட பிறகு குழலையோ சப்ரஸரையோ (குழல் முனையில் மாட்டும் சத்தக் குறைப்பியையோ) பையின் மேல் சாய்த்தால், துணிக்கு ஒன்றும் ஆகாமல் உள்ளே மட்டும் மணிகள் சுருங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். நசுங்கும்போது கீச்சென்ற சத்தமும் வரும். வேட்டைக்கு அது ஆகாது.

இ.பி.பி. மணி

விரிவாக்கிய பாலிப்ரொப்பிலீன். பார்வைக்குத் தெர்மாகோல் போலவே இருந்தாலும் குணம் வேறு. விரல் நகத்தால் ஒரு மணியை நசுக்கிப் பாருங்கள்: தெர்மாகோல் தட்டையாகிக் கிடக்கும், இ.பி.பி. சில நொடியில் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கார்களின் பம்பருக்குள் அதிர்ச்சி தாங்க வைப்பது இதைத்தான். அறை வெப்பத்தில் அசிட்டோன் இதைக் கரைக்காது. பாலிப்ரொப்பிலீன் உருகும் வெப்பம் 160 டிகிரியை ஒட்டி என்பதால் சூட்டிலும் கூடுதல் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் அந்த மீளும் குணமே பின்பையில் குறையாகிறது. திரும்பத் தள்ளும் விசை தெர்மாகோலைவிட நன்றாகவே தெரியும். பாரிகேட் பைக்கு இதுதான் எங்கள் முதல் தேர்வு. பின்பைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். வாங்கும்போது அடர்த்தியைக் கேளுங்கள். லிட்டருக்கு 20 கிராம் ரகம் மெத்தென்று அமுங்கும். 50, 60 கிராம் ரகம் கெட்டியாக நிற்கும். பையின் மொத்த எடையில் 100 கிராம்தான் வித்தியாசம், நிற்பதிலோ வித்தியாசம் அதிகம். கெட்டி ரகத்தையே வாங்குங்கள்.

இலகுவான பை பின்னுதைப்பில் வழுக்கிப் போகாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஐந்து கிலோ மணல் பை கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பாரிகேட்டில் பையை அழுத்திப் பிடிப்பதில் பெரும்பங்கு மேலே இருக்கும் துப்பாக்கியின் எடையும் உங்கள் அழுத்தமும்தான். மிச்சத்தைத் துணி செய்ய வேண்டும். வழவழப்பான நைலானில் நுரை நிரப்பினால் கட்டாயம் வழுக்கும். மெழுகு ஏற்றிய கேன்வாஸில் அவ்வளவாக வழுக்காது. நுரைப் பையை முன்கட்டையோடு பட்டையால் கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு சேர்த்தே நகர்த்துவதும் நல்ல வழி. மணல் பையில் அது முடியாது.

பிளாஸ்டிக் குருணை

வார்ப்பு ஆலைகளுக்குப் போகும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் குருணைகள். லிட்டருக்கு 550 முதல் 600 கிராம். மணலில் மூன்றில் ஒரு பங்கு. திடமான பிளாஸ்டிக் என்பதால் இந்தச் சுமைக்கு நசுங்குவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். நனைந்தால் உதறிக் காயவைத்தால் போதும், பூஞ்சையும் பூச்சியும் அண்டாது, பல வருடம் அப்படியே இருக்கும். பின்பைக்கு இலகுவான நிரப்பு வேண்டுமென்றால் இதில்தான் முடிகிறது. சின்னப் பின்பை ஒரு லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் 600 கிராம் ஒரு சுமையே அல்ல.

குருணையின் அளவில் கவனம் வேண்டும். சாதாரணக் குருணை 3 முதல் 5 மி.மீ. இருக்கும். கைப்பிடிக்குள் அடங்கும் பையில் இது படிப்படியாகத்தான் நகரும்: பிழிந்துகொண்டே வருவீர்கள், ஒன்றும் ஆகாது, திடீரென்று ஒரு குருணை தாவி உட்காரும், குறியும் தாவும். 1 முதல் 2 மி.மீ. நுண்குருணை கிடைத்தால் இந்தத் தாவல் பெரும்பாலும் போய்விடும். 6 மி.மீ. ஏர்சாஃப்ட் (விளையாட்டுத் துப்பாக்கி) பிளாஸ்டிக் குண்டுகளைப் போடுபவர்களும் உண்டு. 0.12 கிராம் ரகம் லிட்டருக்கு 640 கிராம் அளவுக்கு வரும், ஆனால் உருண்டையும் வழவழப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. கட்டை பக்கவாட்டில் சறுக்கும். வேண்டாம்.

சத்தம் ஒரு குறை. அசையும்போது சலசலக்கும். முழுக்க நிரம்பிய பையில் குறையும், தளர்ந்த பையில் கூடும்.

உமியும் கார்க்கும்

பக்வீட் என்ற தானியத்தின் உமி லிட்டருக்கு 150 கிராம் அளவில் வரும். கிண்ணம் போன்ற வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வதால், நுரையைப் போலத் திரும்பத் தள்ளாமல் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நடு எடையில் இவ்வளவு நன்றாக நிற்கும் பொருள் வேறு குறைவு. ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும், நாளாக நாளாக உடைந்து தூளாகும். மழையில் கொண்டுபோகிற பைக்கு இது வேண்டாம். உள்ளரங்கத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். நெல் உமி இதைவிட இலேசு, ஆனால் முனை கூர்மையானது; தையல் வழியே குத்தி வெளிவரும், தூசியும் கொட்டும்.

கார்க் துருவல் ஈரத்துக்கு அஞ்சாது. கோணல் மாணலான துகள் என்பதால் எளிதில் ஓடாது, போட்ட வடிவத்திலேயே நிற்கும். பிழிந்து சரிசெய்யும் பின்பைக்கு அது குறை; முழங்கால் நிலைச் சுருளுக்கு (மண்டியிட்டுச் சுடும்போது கணுக்காலுக்கு அடியில் வைக்கும் உருளைப் பைக்கு) அதுவே நிறை. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி அந்தச் சுருள் 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. விட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது அதிகபட்சம் ஆறு லிட்டர் சொச்சம். கணுக்காலுக்கு அடியில் உடம்பின் பெரும் எடை அதில் இறங்குகிறது. தெர்மாகோல் போட்டால் ஒரே பயிற்சியில் தட்டையாகிவிடும்.

வேறு சிலவற்றுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. தோட்ட மண்ணில் கலக்கும் பெர்லைட், வெர்மிகுலைட் இரண்டும் உடைந்து பொடியாகும். பொடி ஸ்கோப்பிலும் போல்ட்டிலும் (குண்டறையை மூடும் பகுதியிலும்) போய் உட்காரும். இலவம்பஞ்சு, பாலியெஸ்டர் பஞ்சு, துண்டு ஸ்பாஞ்ச் எல்லாம் தள்ளுமே தவிர நிற்காது. அரிசி லிட்டருக்கு 800 கிராம், பூச்சியும் வரும். இலகு என்ற பட்டியலிலேயே சேராது.

கலந்து போடலாமா? குருணையையும் நுரை மணியையும் ஒரே பையில் கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று தோன்றும். வண்டியில் ஒருமுறை குலுங்கிப் போய்வந்தால் பெரிய, இலேசான மணி மேலேயும் சிறிய, கனமான குருணை அடியிலும் பிரிந்திருக்கும். பையைக் கவிழ்த்து வைத்தால் குணமே மாறிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனி உள்பையில் போட்டு, குருணையைக் கீழறையில் தைத்துவிடுங்கள்.

நிரப்பும் முறை

நிரப்பை நேராக வெளிப்பையில் கொட்ட வேண்டாம். நெருக்கமாக நெய்த துணியில் உள்பை ஒன்று தைத்து, தையலை இரட்டையாகப் போடுங்கள். நுண்மணிக்கு ஊசித் துளையே வாசல். உள்பைத் துணி காற்றை விட வேண்டும். ரப்பர் பூச்சுள்ள நைலானில் தைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல், காற்றடைத்த பந்து போல ஆகி எந்த நிரப்பும் துள்ளும். வெளிப்பை மெழுகு ஏறியதாக இருந்தால் ஓரத்தில் வலை வைத்த ஒரு சின்னக் கண் போட்டுவிடுங்கள்.

நுரை மணிக்குப் பெரிய தொல்லை நிலைமின்சாரம். கையிலும் புனலிலும் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் பறக்கும். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி, வாய்ப்பகுதியை உள்பைக்குள் விட்டு நாடாவால் இறுகச் சுற்றுங்கள். மணியின் மேல் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் ஒட்டாமல் இறங்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யாதீர்கள்.

அளவு: பாரிகேட்டின் மேல் வழிய வேண்டிய பைக்கு 65 முதல் 75 சதவீதம். குருணை போட்ட பின்பைக்கு 75 முதல் 80. தெர்மாகோல் என்றால் 90 வரை போங்கள், எப்படியும் இறங்கும். குறைவாகப் போட்டால் மணி இரண்டு முனைக்கும் ஓடி, நடுவில் கட்டை துணியில் முட்டும். அதிகமானால் துப்பாக்கி மேலே உருளும். வாயைத் தைத்து மூடாமல் ஜிப்போ வெல்க்ரோவோ வையுங்கள். முதல் இரண்டு மாதத்தில் கூட்டவோ குறைக்கவோ வேண்டிவரும்.

சரியா என்று பார்ப்பது

துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதிசெய்து, போல்ட்டைத் திறந்து வையுங்கள். குறியைச் சுவரிலுள்ள ஒரு புள்ளியில் வைத்து, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஸ்கோப்பில் பாருங்கள். குறுக்குக்கம்பி மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தால் நிரப்பு உட்காருகிறது. அடுத்து பின்பையைப் பிழிந்து, குறியை ஒரு மில்ரேடியன் (100 மீட்டரில் 10 செ.மீ.) நகர்த்தி, பிடியைத் தளர்த்துங்கள். கம்பி பழைய இடத்துக்கே ஓடினால் மணி நசுங்கி மீள்கிறது; கடினமான நிரப்புக்கு மாறுங்கள். தாவித் தாவி நகர்ந்தால் மணி பெரிது, சிறிய மணிக்கு மாறுங்கள். பிறகு போல்ட்டை மூடி வெற்றுச் சுடல் செய்து (குண்டில்லாமல் விசையை இழுத்து), விசை விழும் கணத்தில் கம்பி துள்ளுகிறதா பாருங்கள். துள்ளினால் நிரப்பை மாற்றுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். பை இறுக்கமாக இருந்தாலும் இதே துள்ளல் வரும்.