வைரஸ் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, அன்றே அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒரு பரிசோதனைக்கூடத்தின் சேவையை, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு டெங்கு கண்டபோது தொடர்ந்து பயன்படுத்தினோம். ரத்தம் எடுத்தவரின் கைப்பக்குவத்திலும் நேரம் தவறாமையிலும் குறையில்லை. நான் எழுத விரும்புவது அவர்கள் தரும் அறிக்கையைப் பற்றி.

அறிக்கையின் உச்சியில் தடித்த சிவப்பு எழுத்தில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் ‘அபாயம்’ என்ற ஒரே முத்திரைதான். 1,40,000 உள்ளவரையும் 15,000 உள்ளவரையும் ஒரே சொல்லால் அச்சுறுத்துவது பொறுப்பான செயலாகத் தெரியவில்லை.

தட்டணுக் குறைவுக்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கொரோனா தொற்றில் தட்டணு குறைந்திருந்தவர்களிடையே நோயின் கடுமையும் இறப்பும் கூடுதலாக இருந்ததை 2020 முதலே ஆய்வுகள் காட்டின. கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலில் தொடக்க நாட்களிலேயே எண்ணிக்கை 20,000 அளவுக்குச் சரிவது மிக மோசமான அறிகுறியாகக் கருதப்படுகிறது. ஆயினும் டெங்குவில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணம், ரத்த நாளங்களிலிருந்து ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கசிந்து, ரத்த ஓட்டம் குன்றி, உடல் அதிர்ச்சி நிலைக்குச் செல்வதே. அந்தக் கசிவை உணர்த்துவது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. அது ஏறும்போதே தட்டணுக்கள் வேகமாகக் குறைவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி முதலியவற்றோடு எச்சரிக்கை அறிகுறியாகச் சேர்த்திருக்கிறது. இந்த அறிக்கையிலோ ஹீமட்டோகிரிட் இரண்டாம் பக்கத்தில், முந்தைய நாளின் அளவுகூட அருகில் இல்லாமல், ஒதுங்கிக் கிடக்கிறது. காய்ச்சல் தணிந்து வீட்டார் நிம்மதியடையும் அந்த ஓரிரு நாட்கள்தான் டெங்குவில் ஆபத்தானவை என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

பாராட்ட வேண்டிய ஒன்றும் நடந்தது. ஒருமுறை எண்ணிக்கை திடீரென வீழ்ந்ததாக இயந்திரம் காட்டியபோது, அவர்கள் அதை அப்படியே அனுப்பிவிடாமல், கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்து, தட்டணுக்கள் ஒன்றோடொன்று திரண்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். ரத்தம் உறையாதிருக்கக் குழாயில் சேர்க்கப்படும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளே சிலரது ரத்தத்தில் இவ்வாறு திரளச் செய்துவிடும். இயந்திரம் அந்தத் திரள்களைத் தட்டணுக்களாக எண்ணாது. ஈடிடிஏவுக்குப் பதிலாக சிட்ரேட் கரைசல் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, அதிலுள்ள கரைசலின் அளவை ஈடுசெய்ய 1.1ஆல் பெருக்கிக் கணக்கிட்டபோது, எண்ணிக்கை முந்தைய நாளையொட்டியே இருந்தது. கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை.

இத்தனை நுணுக்கம் தெரிந்தவர்கள், அறிக்கையின் அடியில் ‘தட்டணு ஏற்றுவது குறித்து உடனே ஆலோசிக்கவும்’ என்று தானியங்கி வாசகத்தை ஏன் அச்சிடுகிறார்களோ! தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்த டெங்கு நோயாளிகளான பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் அதிகரித்தன.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். ஆய்வக வேலைக்காக மீண்டும் இவர்களை அழைப்பேன். அறிக்கையை மட்டும், இரண்டு பக்கங்களையும் முந்தைய நாட்களுடையவற்றோடு சேர்த்து, மருத்துவரிடமே காட்டுவேன்.