பானை வீகன், பால் மேசையில்: குடும்பமாக மாறுபவர்களுக்கு மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

அசைவத்தை விடலாம் என்று வீட்டில் ஒருவரோ இருவரோ முடிவெடுத்ததும், பேச்சு மூன்று வழிகளில் வந்து நிற்கும். முதல் வழியில் இறைச்சியும் மீனும் மட்டும் போகும். பாலும் முட்டையும் இருக்கும். இரண்டாவது, விலங்கிலிருந்து வரும் எதுவுமே வேண்டாம், வீடு முழுக்க வீகன் என்பது. மூன்றாவது வழி பலருக்குச் சட்டென்று தோன்றாது. அதில் அடுப்பில் ஏறும் பானை வீகனாக இருக்கும். பால், தயிர், வெண்ணெய், வேகவைத்த முட்டை எல்லாம் மேசையில் தனியாக இருக்கும். வேண்டியவர் தன் தட்டில் சேர்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் பின்பற்றுவது மூன்றாவது வழியை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ருசி, செலவு, சமையல் நேரம் ஆகியவற்றில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எந்த வழியில் போனாலும் பயறு, பருப்பு, தானியம், காய், கொட்டை, விதை இவைதான் அடிப்படை. இறைச்சி மாதிரியே செய்து பொட்டலத்தில் விற்பவற்றை வாரம் முழுக்க வாங்கினால்தான் செலவு எகிறும். பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரிக்கும் ரென்னெட் இருக்கலாம், மிட்டாயில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். முதல் வழியில் போகிறவர்களும் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் வழி எளிது, எதிர்ப்பும் குறைவு. ஆனால் சமைப்பவர் இறைச்சி இருந்த இடத்தையெல்லாம் பாலாடைக்கட்டியாலும் வெண்ணெயாலும் நிரப்ப ஆரம்பித்துவிடுவார். பயறு தட்டுக்கு வரவே வராது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது மற்ற உணவிலிருக்கும் இரும்பு உடலில் சேர்வதையும் கொஞ்சம் தடுக்கும். மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களும் சிறு குழந்தைகளும்தான் இதில் முதலில் அடிபடுவார்கள். இரண்டாவது வழியில் குழப்பமே இல்லை, எது கூடும் எது கூடாது என்பது தெளிவு. ஆனால் எல்லோரும் மனமொத்து வந்தால் மட்டுமே அது நிற்கும். ஒருவர் அரைமனதோடு வந்தால், வீட்டில் சாப்பிடாததை வெளியே சாப்பிடுவார். என்ன சாப்பிடுகிறார், எது குறைகிறது என்பது வீட்டுக்குத் தெரியாமல் போகும்.

மூன்றாவது வழியில் சமையல் ஒன்றுதான், தட்டுகள்தான் வேறு. வெண்ணெய் போட்டு முடிக்க வேண்டிய குழம்பை எண்ணெயில் முடித்து, வெண்ணெயைக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். கெட்டியாக வேண்டுமென்றால் ஊறவைத்த முந்திரியை அரைத்து ஊற்றலாம். இன்னும் இறைச்சி சாப்பிடுபவர் இருந்தால் அவருக்கும் இதே முறைதான். அது தனிச் சட்டியில் வெந்து, தனிக் கரண்டியோடு மேசைக்கு வரும். இந்த வழி சறுக்கும் இடம் பேக்கிங். ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும். ஒன்று, இரண்டு முட்டை வரை இது ஈடுகொடுக்கும். முட்டையின் நுரையை நம்பியே உப்பும் கேக்குக்கு இது உதவாது.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம்: ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12. எந்த வழி நல்லது என்பதைவிட, எந்த வழியில் பி12 மறக்கப்படாமல் ஒவ்வொருவருக்கும் போய்ச்சேரும் என்று கேட்டால் பதில் தானாகக் கிடைக்கும்.

பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். தாவரங்களுக்கு அது தேவையும் இல்லை, அவை அதைச் செய்வதும் இல்லை. வீகன் என்ற சொல் 1944-இல் பிரிட்டனில் பிறந்தது. பி12 பிரித்தெடுக்கப்பட்டதோ 1948-இல். அதாவது முதல் வீகன்கள் தங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் வாழ்ந்தவர்கள். நமக்கு அந்த நிலை இல்லை. வயதுவந்தவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பியக் கணக்கில் 4. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள்கூட ஆகும். "இத்தனை நாளாக நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று வீடுகள் ஏமாறுவது இதனால்தான். சோர்வு, நாக்கு எரிச்சல், கைகால் மரத்துப்போதல், மறதி என்று மெல்ல வரும். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமலே போகலாம். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர் முழு வீகன் அல்லர் என்பது என் கருத்து. அவருக்கு மாத்திரை வேண்டும் என்று தெரியும். மாட்டுவது நடுவில் நிற்பவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மைக்ரோகிராம் பி12 இருக்கும். நாளுக்கு மூன்று முறை தேநீர், ஒவ்வொன்றிலும் 30 மில்லி பால் என்றால் மொத்தம் 90 மில்லி, அதாவது 0.4 மைக்ரோகிராம் அளவுக்குத்தான். கூட ஒரு முட்டை சாப்பிட்டால் இன்னொரு 0.5. இரண்டும் சேர்ந்தாலும் தேவையில் பாதி எட்டவில்லை. உணவிலிருந்தே 2.4 வேண்டுமென்றால் தினமும் அரை லிட்டர் பால், அல்லது கால் லிட்டர் பாலோடு இரண்டு மூன்று முட்டை வேண்டும். "நாங்கள் பால் குடிக்கிறோமே" என்று முதல் வழிக்காரர்கள் நிம்மதியாக இருப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

மாத்திரையின் அளவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். தேவை 2.4, மாத்திரையில் ஏன் 2000? ஒரு வேளையில் உடல் தன் வழக்கமான வழியில் ஏற்கும் பி12 ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோமோ அதற்கேற்ப அளவு ஏறும். வயதுவந்த வீகனுக்குப் பரவலாகச் சொல்லப்படும் முறைகள் மூன்று: பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவை நாளில் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து மொத்தம் 3 மைக்ரோகிராம்; தினம் ஒருமுறை 10 மைக்ரோகிராம்; வாரம் மொத்தம் 2000 மைக்ரோகிராம். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசிப் பொடி, கடற்பாசி, புளித்த உணவு ஆகியவற்றை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது பி12 போலவே தோன்றி உடலுக்குப் பயன்படாத பொருள்.

மூன்றாவது வழி ஜெயிப்பது இங்கேதான். பானை வீகன் என்றால், மாத்திரையும் பானையோடு சேர்ந்த பொது விஷயமாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், எல்லோரும் சேர்ந்து உட்காரும் ஒரு வேளை, மாத்திரைக் குப்பி உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில். பால் குடிப்பவர், குடிக்காதவர் என்று பிரிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் எல்லோரும் எடுக்கலாம். பி12-க்கு இதுதான் உச்ச அளவு என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உணவில் கட்டுண்டிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்கும் திறன் குறையும் என்பதால், இறைச்சி சாப்பிடும் தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவரும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுபவரும் அதே கணக்கில் வருவார்கள். குழந்தைகளுக்கு அளவு குறைவு: 1 முதல் 3 வயதுக்கு நாளுக்கு 0.9, 4 முதல் 8 வயதுக்கு 1.2 மைக்ரோகிராம். அவர்களுக்கான மாத்திரையையோ சொட்டு மருந்தையோ குழந்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை எடுப்பதானால் மாத்திரை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். தொடங்கிய பிறகு ரத்தத்தில் அளவு ஏறிவிடும், பழைய குறை தெரியாது. முடிவு எல்லைக்கோட்டில் நின்றால், பி12 குறையும்போது உடலில் ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலத்தை அளக்கும் பரிசோதனை தெளிவுபடுத்தும்.

அடுத்தது தாவரப் பால். பால் குடிப்பதை நிறுத்துபவருக்கு எந்தத் தாவரப் பாலும் ஈடு என்று நினைத்துவிடக்கூடாது. புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வருவது சோயா பால்தான், 100 மில்லிக்கு 3 கிராம் அளவில். ஓட்ஸ் பாலில் சுமார் 1 கிராம், பாதாம் பாலில் அரை கிராம் அளவுதான். லேபிளில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் பசும்பாலுக்குச் சமம். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். இயற்கை வேளாண்மை முத்திரை உள்ளவற்றில் பல செறிவூட்டப்படாதவை. பசலைக்கீரையில் கால்சியம் நிறைய என்பது எண்ணளவில் உண்மைதான், ஆனால் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைப்பதால் உடலில் சேர்வது நூற்றுக்கு ஐந்து அளவே. சூடான காபியில் சோயா பால் திரிவது காபியின் அமிலமும் சூடும் சேர்வதால். பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி கோப்பையில் ஊற்றி, காபி சற்று ஆறிய பிறகு அதன்மேல் மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. பாலையும் மீனையும் விடுபவருக்கு அயோடினும் குறையும். அயோடின் கலந்த உப்பு போதும், ஆனால் அயோடின் சேர்க்காத கல் உப்பு, கடல் உப்பு என்று மாறினால் அது கிடைக்காது.

சிறு குழந்தை இருக்கும் வீடுகளில் முழு வீகனுக்கு நான் அவசரப்பட மாட்டேன். நன்கு திட்டமிட்ட வீகன் உணவு எல்லா வயதுக்கும் ஏற்றது என்று அமெரிக்க உணவியல் நிபுணர்களின் அமைப்பு 2016-இல் சொன்னது. அதே வருடம் ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. திட்டமிடல் என்ற சொல்தான் இங்கே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. ஒரு வயதுவரை தாய்ப்பாலோ குழந்தைகளுக்கான பால்மாவோதான். தாவரப் பால் அந்த இடத்துக்கு வராது. அரிசிப் பாலில் ஆர்செனிக் இருப்பதால் ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்பது பிரிட்டனின் அறிவுரை. குழந்தையின் வயிறு சிறியது. நார்ச்சத்து மிகுந்த பயறும் முழுத்தானியமும் சீக்கிரமே வயிற்றை நிரப்பிவிடும், கலோரி போதாமல் போகும். அதனால் அவர்கள் தட்டில் எண்ணெய், கொட்டை விழுது, தோல் நீக்கிய பருப்பு கூடுதலாக இருக்கட்டும். முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும். ஐந்து வயதுவரை அரைத்துத்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இந்தக் கட்டுரையை மட்டும் நம்பாமல் உணவியல் நிபுணரைப் பாருங்கள்.

மாறும் வேகத்தில் ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கும். முதல் வாரமே தினமும் பயறு போட்டுவிடுவார்கள்; வயிறு உப்பி, "இது நமக்கு ஒத்துவராது" என்று நிறுத்திவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் தோல் நீக்கிய பருப்பும் டோஃபுவும் (சோயா பாலைத் திரித்துச் செய்த கட்டி), பிறகு கொண்டைக்கடலை, கடைசியாக ராஜ்மா என்று போனால் குடல் பழகிக்கொள்ளும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, புது நீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே மெல்லிய தீக்கு மாற்ற வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள நஞ்சு அழியாது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி வரும். பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ தக்காளியோ குடைமிளகாயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். தேநீரும் காபியும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

மூன்றாவது வழியில் இருப்பவர்களில் ஒருவர் பிறகு முழு வீகனாக விரும்பினால் சமையலறையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அவர் குடித்த பாலின் இடத்தில் கால்சியமும் பி12-உம் சேர்த்த சோயா பால் வரும். வைட்டமின் டி மாத்திரை எடுப்பவரானால் அது ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்ததா, பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்ததா என்று லேபிளில் பார்த்து மாற்றிக்கொள்வார். மற்றதெல்லாம் முன்பே அவர் தட்டில் இருப்பவைதான்.